ஒரு தோணிக்கு மூன்று காப்பீட்டாளர்

பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகக் கூட்டுக் காப்பீட்டைப் பற்றி ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று கிளை மேலாளர் கேட்டார். ஓய்வு பெற்றவனை ஒருவர் இப்படிக் கேட்பது அரிது. ஆகவே விதி, விளக்கம், விதிவிலக்கு, விதிவிலக்கிற்கு விளக்கம் என்று முறையாகப் பகுத்து ஒரு நீண்ட உரை வரைந்து கொடுத்தேன். அவர் அதைக் கையில் எடை பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டு, "ஐயா, இதெல்லாம் சுற்றறிக்கையிலயே இருக்கு. நீங்க எங்கயாவது மாட்டிக்கிட்டு முழிச்ச கதை இருந்தா அதை எழுதுங்களேன். பசங்க படிப்பாங்க" என்றார். விழித்த கதைகளுக்கு என்னிடம் பஞ்சமில்லை. அவற்றுள் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் நான் விழித்ததே தலையாயது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஓர் இடர் ஒரே நிறுவனம் தாங்கவியலாத அளவுக்குப் பெரிதாக இருந்தாலோ, எந்த நிறுவனமும் தனியாகத் தொட அஞ்சுவதாக இருந்தாலோ, பல நிறுவனங்கள் கூடி அதைப் பங்கிட்டுக்கொள்ளும். பெரும்பங்கு கொண்டவர் தலைமைக் காப்பீட்டாளர். ஆவணத்தை அவரே எழுதித் தருவார். காப்புக் கட்டணத்தை அவரே வாங்கிப் பகிர்ந்தளிப்பார். இழப்பு நேர்ந்தால் முன்நின்று பேசுபவரும் அவரே. மற்றவர் உடன்காப்பீட்டாளர். பார்வைக்கு ஒரே ஆவணம்; சட்டத்தின் கண்ணிலோ அதனுள் இருப்பவை தனித்தனி ஒப்பந்தங்கள். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு மட்டுமே பொறுப்பு. ஒருவர் கைவிரித்தால் அவர் பங்கை மற்றவர் தந்தாக வேண்டும் என்ற கடமை கிடையாது.

மரத் தோணி என்பது நான் சொன்ன இரண்டாம் வகை. மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிச் செல்லும் தோணியைத் தனியாகக் காப்பீடு செய்ய எங்கள் ஊரில் எந்த நிறுவனமும் முன்வராது. ஜெசிந்தா அம்மாளின் தோணியை மூன்று நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டோம். எங்களுடையது தலைமை. மற்ற இரு நிறுவனங்களின் அலுவலர்களையும் அவரவர் ஊரால் குறிப்பிடுகிறேன். ஒருவர் ஆழ்வார்திருநகரிக்காரர், எதையும் மறுக்காதவர், எதற்கும் உடன்படாதவர். மற்றவர் சாத்தான்குளத்துக்காரர், விதியை எழுத்தெண்ணிப் படிப்பவர்.

தலைமை என்னும் சொல் என் தலைக்கு ஏறியது உண்மை. ஆயினும் அதைப் பணிவாகக் காட்டிக்கொள்ளும் கலை எனக்குத் தெரியும். மூன்று நிறுவனங்களுக்கும் இடையிலான உடன்படிக்கையை வரையும் பொறுப்பு எனக்கு வந்தபோது, வழக்கமான வாசகங்களோடு நிற்காமல், சமத்துவத்தை நிலைநாட்டும் பொருட்டு ஒரு கூறினைச் சேர்த்தேன். தலைமை நிறுவனம் எந்தச் செலவுக்கும் ஒப்புதல் அளிக்குமுன் மற்ற இருவரின் எழுத்துவழி இசைவைப் பெற்றாக வேண்டும் என்பது அதன் சாரம். அலுவலக மொழியாகிய ஆங்கிலத்தில் அரைப்பக்கத்துக்கு முற்றுப்புள்ளியின்றி ஓடிய வாக்கியம் அது. யாரும் கேளாமலே அதைச் செந்தமிழிலும் பெயர்த்து வைத்தேன். அதை யாரும் படிக்கவில்லை.

தோணிக்காரர்கள் எதிர்பாராத ஒரு பிற்பகலில், மாலத்தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அத்தோணி இயந்திரம் நின்றுபோய், முயல் தீவுக்கு அப்பால் மணல் திட்டொன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தோணித் தலைவரைத் தண்டல் என்பர். அவரும் ஆட்களும் தோணியை விட்டு இறங்க மறுத்து உள்ளேயே இருந்தனர். கடல் ஏற்றமாக இருந்தது, வாடைக்காற்று வலுத்துக்கொண்டிருந்தது. ஏற்றம் இருக்கும்போதே இழுத்தால் தோணி மிதக்கும். நீர் வற்றிவிட்டால் அடுத்த ஏற்றம் வரும்வரை அலை அதை மணலில் தூக்கித் தூக்கிப் போடும், பலகைகள் பிளந்துவிடும். துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகு அப்போது வேலையின்றி நின்றது. அதன் உரிமையாளர் வாடகை கேட்டார். மாலையில் வேறு வேலை இருப்பதால் உடனே பதில் வேண்டும் என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜெசிந்தா அம்மாள் துறைமேடையின் முனையில் நின்றிருந்தார். கணவர் இறந்தபின் தோணியை அவரே நடத்தி வந்தார். இருந்தது அந்த ஒரே தோணி. உள்ளே இருந்த தண்டல் அவர் கணவரின் தம்பி.

"சார், டக்குக்காரன் நிக்கான். வரச் சொல்லட்டா?" என்றார். டக்கு என்றது இழுவைப் படகை.

எளிய வினா. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை சொல்லியிருக்கலாம். என் நினைவில் வந்து நின்றதோ நான் வரைந்த கூறு.

"சற்றுப் பொறுங்கள் அம்மா. உடன்காப்பீட்டாளர்களின் இசைவைப் பெற்றுவிடுகிறேன்."

"யாரு அவிய?"

"இந்தத் தோணியின் காப்பீட்டில் பங்கு கொண்ட மற்ற இரு நிறுவனத்தார்."

"எனக்கு உங்களை மட்டும்தான் சார் தெரியும். பணம் கட்டுனது ஒங்க ஆபீசுலதான்."

"அது சரி. சட்டப்படி..."

"சட்டத்தை அப்புறம் பாப்போம். வெள்ளம் வத்துனா தோணி போச்சு."

சுங்கக் கூடத்தின் நிழலில் ஒதுங்கி நின்று, எங்கள் மூவருக்குமான புலனக் குழுவில், நீங்கள் வாட்ஸ்அப் என்று சொல்வீர்களே அதில், தகவல் வரையத் தொடங்கினேன். பதற்றத்திலும் நடை குலையக் கூடாது என்பது என் கொள்கை. இடர் நேர்ந்த சூழல், காற்றின் போக்கு, இழுவைப் படகின் தேவை, வாடகையின் நியாயம் என்று பத்தி பத்தியாக எழுதி, 'தங்கள் மேலான இசைவை விரைந்து நல்குமாறு வேண்டுகிறேன்' என்று முடித்தேன். 'நல்குமாறு' என்பதைக் கைப்பேசி தானாகவே திருத்தி வேறு ஏதோ ஆக்கியது. அதை மீட்க முயன்ற நேரத்தில் ஒரு தோணியைக் கட்டியே முடித்திருக்கலாம்.

அனுப்பிய மறுகணம் ஆழ்வார்திருநகரிக்காரரிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் ஒன்று வந்தது. எழுத்துவழி இசைவு என்று நான் எழுதி வைத்திருக்கக் கட்டைவிரல் எழுத்தாகுமா? அழைத்தேன்.

"அண்ணாச்சி, அந்தக் கட்டைவிரலை உடன்பாடு என்று கொள்ளலாமா?"

"பாத்துட்டேன்னு அர்த்தம் அண்ணாச்சி."

"அப்படியானால் உடன்பாடு?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அதை எழுதி அனுப்புகிறீர்களா?"

"எழுத்துல எதுக்கு அண்ணாச்சி, நமக்குள்ள?"

சாத்தான்குளத்துக்காரர் முறையானவர். முழுவதும் கேட்டுவிட்டு, "இசைவு தரலாம். வட்டார அலுவலகத்துல கேட்டுத்தான் தரமுடியும். இன்னிக்கு அங்க யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா அண்ணாச்சி, எங்க இசைவு இல்லாம நீங்க எதுவும் சொல்லிராதீங்க. நீங்கதான அந்தக் கூறை எழுதுனது? அருமையா எழுதியிருந்தீங்க" என்றார். என் பணிக்காலத்தில் என் உரைநடையைப் பாராட்டிய வெகு சிலருள் அவரும் ஒருவர். பாராட்டு வந்த வேளைதான் பொருந்தவில்லை.

இப்போது என் நிலையை எண்ணிப் பாருங்கள். 'இழுத்து வாருங்கள்' என்று சொன்னால், நானே எழுதிய கூறினை நானே மீறியவனாவேன். மற்ற இருவரும் தங்கள் பங்கைத் தர மறுக்கலாம். 'வேண்டா' என்று சொன்னால் தோணி பிளக்கும். உள்ளே ஆட்கள் இருக்கின்றனர். ஒன்றும் சொல்லாமல் நின்றால் ஜெசிந்தா அம்மாள் காத்திருப்பார், நீர் வற்றும். நான் மூன்றாவதைத் தேர்ந்துகொண்டேன். தேர்ந்துகொண்டேன் என்பதுகூட மிகை. குழுவுக்கு இரண்டாம் நினைவூட்டலை வரைந்துகொண்டிருந்தேன்.

ஜெசிந்தா அம்மாள் நிழலுக்கே வந்துவிட்டார். கையிலிருந்த கைப்பேசியில் தண்டலின் குரல் கேட்டது. "மைனி, டக்கு வருதா இல்லையா? இங்கன அடிப்பலகை மொனங்க ஆரம்பிச்சிட்டு."

"இரு கொழுந்தா. இந்த சாரு இன்னும் எழுதுதாவ."

"எதை எழுதுதாவ?"

"யாருக்குத் தெரியும்? பரீட்ச எழுதுத மாதிரி எழுதுதாவ." என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "சார், இன்சூரன்ஸ் இல்லாதவனா இருந்தா இந்நேரம் தோணிய இழுத்துக் கரைக்குக் கொண்டாந்திருப்பான். பணத்தக் கட்டிப்புட்டு நான் இங்கன நிக்கேன்."

வசையாகத்தான் சொன்னார். எனக்கோ, கைப்பேசியைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே நின்றுவிட்டன.

ஏனெனில் சட்டத்தின் அளவுகோலே அதுதான். கடற்காப்பீட்டு ஆவணம் ஒவ்வொன்றிலும், இடர் நேர்ந்தால் உரிமையாளர் காப்பீடே இல்லாத ஓர் அறிவுள்ள உரிமையாளர் போல நடந்து தம் பொருளைக் காக்க முயலவேண்டும் என்ற கடமை உண்டு. அப்படி முயன்றதற்கான நியாயமான செலவைக் காப்பீட்டாளர் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கேற்பத் தரவேண்டும். அந்தக் கடமையை நிறைவேற்ற யாருடைய இசைவும் தேவையில்லை. தலைமையின் இசைவும் தேவையில்லை. உடன்காப்பீட்டாளரின் இசைவும் தேவையில்லை. நான் எழுதிய கூறு நாங்கள் மூவரும் எங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. தலைமை நிறுவனம் செலவுக்கு ஒப்புதல் தருவதைத்தான் அது கட்டுப்படுத்தும். தோணியின் உரிமையாளர் தம் தோணியைக் காப்பதை அது எவ்வாறு கட்டுப்படுத்தும்? அவர் அந்தத் தாளில் கையெழுத்திட்டவரே அல்லர்.

இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. என் சொல்லுக்காக அவர் காத்திருந்து தோணி உடைந்திருந்தால், 'உரிய காலத்தில் முயலவில்லை' என்று அவர்மீதே குறை சொல்லலாம். சாத்தான்குளத்துக்காரர் கட்டாயம் சொல்லியிருப்பார். நானும் அதற்கு நல்ல நடையில் ஒரு மறுப்பு எழுதியிருப்பேன். இருவரும் எழுதிக்கொண்டே இருந்திருப்போம்.

தேவையற்ற ஓர் அனுமதியைப் பெறுவதற்காக நான் உழைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட வினாவை அவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் அங்கே என் வேலை. ஆகவே, "அம்மா, காப்பீட்டுப் பொருளைக் காத்தற்பொருட்டு உரிமையாளர் மேற்கொள்ளும் நியாயமான முயற்சிக்கு எம் முன்னிசைவு வேண்டற்பாலதன்று" என்றேன்.

"சார், வேணுமா வேண்டாமா, அதச் சொல்லுங்க."

"என்னைக் கேட்காதீர்கள். தோணி உங்களுடையது. காப்பீடு இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது என்ன செய்வீர்களோ அதை இப்போதே செய்யுங்கள்."

அவர் முகம் வெளுத்தது. "இல்லியா? இன்சூரன்ஸ் இல்லியா? மாதாவே! அப்ப கட்டுன பணம்?"

"இருக்கிறது, இருக்கிறது! உறுதியாக இருக்கிறது. இல்லாததுபோல் செயல்படுங்கள் என்கிறேன்."

"இருக்கா இல்லியான்னு ஒண்ணு சொல்லுங்க சார், நெஞ்சு அடைக்கி."

"இருக்கு அம்மா. போய் இழுக்கச் சொல்லுங்க," என்று சொல்ல வாயெடுத்தேன்; அது ஒப்புதலாகிவிடும் என்று நல்லவேளையாக முன்பாதியோடு நிறுத்திக்கொண்டேன். "இருக்கு அம்மா. உங்க தோணியை நீங்க பாருங்க" என்றேன். அன்று நான் சொன்னவற்றுள் இலக்கணம் குன்றிய அந்த ஒரு வாக்கியமே அவருக்குப் புரிந்தது.

அதன்பின் நடந்த எதிலும் எனக்குப் பங்கில்லை. அவர் இழுவைப் படகின் உரிமையாளரிடம் போனார், வாடகையைக் குறைக்கச் சொல்லி வாதிட்டார், குறைக்க வைத்தார், படகில் ஏறினார். இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பீடு இருக்கிறதே என்று கேட்ட வாடகையைக் கொடுப்பவர் உண்டு. தம் கைப்பணம் போவதுபோல் அவர் பேரம் பேசினார்.

தலைமை நிறுவனத்தின் சார்பில் நேரில் பார்ப்பது என் கடமை என்று நானும் ஒரு நாட்டுப்படகில் பின்தொடர்ந்தேன். துறைமுக வாயிலைத் தாண்டியதுமே பகல் உணவு என்னைவிட்டு நீங்கியது. படகோட்டி, "சார் அந்தப் பக்கமா, காத்துக்கு எதுக்கப் பாக்காதீய!" என்று கத்தினார். நான் நேரில் பார்த்தவை பெரும்பாலும் படகின் ஓரப்பலகையும் அதன் கீழிருந்த நீருமே. கயிறு விறைத்த ஓசையையும் ஆட்கள் கூவியதையும் கேட்டேன். தலையைத் தூக்கியபோது தோணி திட்டைவிட்டு இறங்கி மிதந்துகொண்டிருந்தது. சுக்கான் முறிந்திருந்தது, அடிப்பலகைகள் சில நெகிழ்ந்து நீர் புகுந்திருந்தது. தண்டல் தோணியின் விளிம்பில் நின்று மைனியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பிறகு என்னைப் பார்த்து, "யாருலே அது, செத்துப்போனவன் மாதிரி கெடக்கான்?" என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

தோணி கரைக்கு வந்ததோடு கதை முடியவில்லை. நம் துறையில் பொருளை மீட்பது பாதிதான்.

மதிப்பீட்டாளர் (சர்வேயர் என்றால்தான் துறைமுகத்தில் திரும்பிப் பார்ப்பார்கள்) இழுவைச் செலவு நியாயமானது என்றே எழுதினார். எங்கள் பங்கைக் கொடுத்தோம். ஆழ்வார்திருநகரிக்காரரும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு, சில வாரங்களில் தம் நிறுவனத்தின் பங்கைக் கொடுத்தார். சாத்தான்குளத்துக்காரர் மட்டும் என் கூறினை அடிக்கோடிட்டு அனுப்பி, முன்னிசைவு பெறாத செலவுக்குத் தம் நிறுவனம் பொறுப்பன்று என்று எழுதினார்.

ஜெசிந்தா அம்மாள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். தோணி பட்டறையில் ஏறிக் கிடந்தது. கைப்பணம் இழுவைப் படகுக்கே போய்விட்டதால், மிச்சப் பங்கு வந்து கூலி கொடுக்காமல் ஆசாரி சுக்கானை மாட்டமாட்டார். சுக்கான் இல்லாமல் கடல் இல்லை.

"மூணு பேரும் சேந்துதான சார் எழுதிக் குடுத்திய? அவரு குடுக்கலன்னா நீங்க குடுங்க. அப்புறமா அவருகிட்ட வாங்கிக்கிடுங்க."

கேட்டது நியாயம். தலைமை நிறுவனம் முழுத்தொகையையும் தந்துவிட்டு மற்றவரிடம் பின்னர் ஈடு செய்துகொள்வது பல இடங்களில் உள்ள நற்பழக்கம். பழக்கத்தைக் கொண்டு யாரையும் கட்டாயப்படுத்த இயலாது. சச்சரவு எழுந்துவிட்ட பங்கை நாம் தொடலாகாது என்று என் மேலிடம் சொல்லிவிட்டது. அதை அவரிடம் நேர்முகமாகச் சொன்னேன். "ஒரே தாள்தான் அம்மா, உள்ளே மூன்று தனித்தனி வாக்குறுதிகள். அவர் வாக்குக்கு நான் பொறுப்பாக முடியாது."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். "அப்ப எதுக்கு சார் தலைமன்னு ஒண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

எழுந்து சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, "வாருங்கள், அவர் அலுவலகத்துக்குப் போவோம்" என்றேன். உடன் போவதற்குத்தான் தலைமை என்று இன்று உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. அன்று அப்படியெல்லாம் தோன்றவில்லை. அந்த அம்மாளின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவே. போகும்போது, முன்னிசைவு ஏன் தேவையில்லை என்பதற்குச் சட்ட மேற்கோள்களுடன் நான் வரைந்த விளக்கவுரையைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாத்தான்குளத்துக்காரர் எங்களை வரவேற்றுத் தேநீர் வரவழைத்தார். நான் பையைத் திறக்குமுன் ஜெசிந்தா அம்மாளை நோக்கி, "ஒரே ஒரு கேள்விம்மா. டக்கைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி உங்களுக்கு அனுமதி குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

பொறி எனக்குத் தெரிந்தது. 'இந்த சார்தான்' என்று அவர் சொன்னால், தலைமை நிறுவனம் இசைவின்றிச் செலவுக்கு ஒப்புக்கொண்டது என்றாகிவிடும். என் கூறு அவர் கழுத்தில் விழும். குறுக்கே பேச வாயெடுத்தேன்.

"இருங்க அண்ணாச்சி. அம்மா சொல்லட்டும்."

"அனுமதியா?" என்றார் ஜெசிந்தா அம்மாள். "இந்த சாருகிட்ட கேட்டேன். ஒருக்கா இல்ல, நாலஞ்சு வாட்டி கேட்டேன். அவிய நெழலுல நின்னு எழுதிக்கிட்டே இருந்தாவ. கடசியில, 'என்னக் கேக்காதீய, தோணி ஒங்களுது'ன்னு சொல்லிட்டாவ. அவியளால ஒரு பிரயோசனமும் இல்லன்னு தெரிஞ்ச பெறகு நானே கூட்டிட்டுப் போனேன். ஒங்க வீட்டுல தீப்பிடிச்சா ஆபீசுல கேட்டுட்டா சார் தண்ணி ஊத்துவிய?"

சாத்தான்குளத்துக்காரர் என்னைப் பார்த்தார். "உண்மையா அண்ணாச்சி? தலைமை நிறுவனம் ஒரு சொல்லும் சொல்லலியா?"

பையின் வாயை மூடினேன்.

"ஒரு சொல்லும் பயனுள்ளதாகச் சொல்லவில்லை" என்றேன்.

நீண்ட நேரம் கோப்பைப் புரட்டினார். நான் எழுதிய கூறினை மறுபடி ஒருமுறை உதடசைத்துப் படித்தார். விதியை எழுத்தெண்ணிப் படிப்பவரிடம் உள்ள நன்மை இது: தமக்கு எதிராக இருந்தாலும் எழுத்தை எழுத்தாகவே படிப்பார். "அப்ப இது தலைமையோட செலவு இல்ல. அம்மாவோட செலவு," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, கோப்பின் ஓரத்தில் 'பங்கைத் தரலாம்' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார்.

ஜெசிந்தா அம்மாள் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். ஆசாரி கடையடைக்குமுன் அவர் பட்டறைக்குப் போகவேண்டியிருந்தது.